பின்சீட்டுத் தூசி

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். இதை நான் ஒளித்து வைத்ததே இல்லை. முப்பத்தோரு வருடம் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவள் நான். ஒரே நேரத்தில் நாலு லைனில் நாலு பேர் கத்துவார்கள். ஐந்தாவதாக நான் ஒரு சத்தம் போட்டால் நாலு பேரும் அடங்கிவிடுவார்கள். குரலைக் கேட்டாலே போதும், ஆள் பொய் சொல்கிறாரா, அழப்போகிறாரா, லீவு கேட்கப்போகிறாரா என்று சொல்லிவிடுவேன்.

என் வீட்டுக்காரர் இதற்கு நேர் எதிர். தையல்காரர். அதிலும் பேன்ட் மட்டும்தான் தைப்பார். நாற்பது வருடம் உதட்டில் குண்டூசியைக் கவ்விக்கொண்டே வேலை பார்த்தவருக்கு, ஊசியை எடுத்த பிறகும் வாய் திறக்க வரவில்லை. வீட்டில் இரண்டு பேருக்கும் சேர்த்து நானே பேசிக்கொண்டிருந்தேன்.

அந்த மனிதரை விட்டுவிட்டு மகள் வீட்டுக்குப் போய்விடுவது என்று முடிவு செய்தேன். பார்த்துவிட்டு வருவதற்கு இல்லை, அங்கேயே இருந்துவிடுவதற்கு. சொன்னபோது அவர் ஒரு பேன்ட்டின் அடியை மடித்துத் தைத்துக்கொண்டிருந்தார்.

"எத்தனை நாளைக்கு?" என்றார்.

"நாள் கணக்கெல்லாம் இல்ல. ஒரேயடியா போறேன்."

துணியை மடித்தார், நீவினார், பிரித்து மறுபடியும் மடித்தார். "சரி" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நானே கொண்டுபோய் விடறேன். பஸ்ல வேண்டாம்" என்றார். அவ்வளவுதான். போகாதே என்று ஒரு வார்த்தை வருமா என்று அன்று முழுக்கக் காது கொடுத்துக் காத்திருந்தேன். தையல் மெஷின் சத்தம்தான் வந்தது.

ஏன் இந்த முடிவு என்று சொல்லிவிடுகிறேன். ஆறு வருடத்துக்கு முன் எனக்குப் புற்றுநோய் வந்தது. வந்தது, போனது, இப்போது நன்றாகத்தான் இருக்கிறேன். அந்த வருடம் மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போய் மருந்து ஏற்றிக்கொண்டு வரவேண்டும். பெட்ரோலிலும் பேட்டரியிலும் ஓடுகிற எங்கள் பழைய ஹைபிரிட் காரில்தான் போவோம். திரும்பும்போது பின்சீட்டில் கதவோரம் தலையணை போட்டுப் படுத்துக்கொள்வேன். வீட்டு வாசலில் வண்டி நிற்கும். அவர் கதவைத் திறந்து என்னை இறக்கிவிட்டு, "நீ முன்னாடி போ, நான் வந்துடறேன்" என்பார்.

எங்கள் வீடு இரண்டாவது மாடி. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, குடலைப் பிடுங்கும் வாந்தியை அடக்கிக்கொண்டு, ஒவ்வொரு படியாக நான் தனியாக ஏறுவேன். நடுவில் ஒரு ஜன்னல் இருக்கிறது. அதில் எட்டிப் பார்த்தால் கீழே இந்த மனிதர் பாதி உடம்பைக் காருக்குள் விட்டுக்கொண்டு, துணியில் நூல் தட்டும் பிரஷ்ஷை வைத்துப் பின்சீட்டைத் தட்டிக்கொண்டிருப்பார். கட்டிய பெண்டாட்டி படியில் சாகிறாள், இவர் சீட்டுக்குத் தூசி தட்டுகிறார்! ஒருமுறை இல்லை, ஒவ்வொரு முறையும் இதேதான்.

உப்புக் குறைந்தாலே வீடு அதிரக் கத்துகிற நான், இதைப் பற்றி மட்டும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டு, அதற்கும் அவர் "சரி" என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று பயமாக இருந்தது. அது உள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டது. உடம்பு தேறியது, மனசு தேறவில்லை.

கிளம்புகிற நாளும் வந்தது. காலை எட்டு மணிக்கு இரண்டு பெட்டிகளையும் டிக்கியில் வைத்தாயிற்று. நான் வழக்கம்போலப் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். அவர் பட்டனை அழுத்தினார். முன்னால் விளக்குகள் எல்லாம் எரிந்தன, நடுவில் சிவப்பாக ஒரு முக்கோணமும் எரிந்தது. வண்டி அசையவில்லை. ஒரு மாதமாகவே அது சரியில்லை. பேட்டரி நிறைந்திருப்பதாகக் காட்டும், அடுத்த தெருவுக்குள் காலி என்று காட்டும். சீட்டுக்குப் பின்னாலிருந்து ஹோவென்று ஒரு இரைச்சல் வேறு. அன்று மொத்தமாகப் படுத்துவிட்டது.

மாடியிலிருந்து இறங்கி வந்த பக்கத்து வீட்டுக்காரர், "பன்னெண்டு வருஷ வண்டி, காயலான் கடைக்குப் போடுங்க சார்" என்று அறிவுரை சொல்லிவிட்டுப் போனார். நானும், "பஸ்ஸைப் பிடிச்சு நானே போயிக்கறேன்" என்றேன். இவர் இரண்டு பேர் சொன்னதையும் காதில் வாங்கவில்லை. யாருக்கோ போன் செய்தார். அரைமணி நேரத்தில் இழுவை வண்டி வந்தது. என்னை அனுப்பி வைக்க இவ்வளவு அவசரமா என்று எனக்கு வயிறு எரிந்தது. டிரைவர் பக்கத்தில் நாங்கள் இரண்டு பேரும் நெருக்கியடித்து உட்கார்ந்து, எங்கள் காரைப் பின்னால் தூக்கிக்கொண்டு ஒர்க்ஷாப் போய்ச் சேர்ந்தோம்.

ஒர்க்ஷாப்பை நடத்துவது ஒரு பெண். முப்பத்தைந்து வயது இருக்கும். சட்டைக்கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டிருந்தாள். ஒரு கருவியைச் செருகி, திரையைப் பார்த்து, உதட்டைப் பிதுக்கினாள்.

"பெரிய பேட்டரி போயிடுச்சு சார். ஒண்ணு ரெண்டு செல்லை மட்டும் மாத்தித் தரவான்னு கேட்காதீங்க. இன்னிக்கு இதை மாத்துவேன், மூணு மாசத்துல பக்கத்துல இருக்கிறது போகும். முழுசா மாத்துங்க. கையில புதுசு இருக்கு. மூணு மணி நேரம்."

"மாத்துங்க" என்றார் இவர், யோசிக்காமல்.

டிக்கியிலிருந்த என் பெட்டிகளை இறக்கி ஓரமாக வைத்தாள். பின்சீட்டைக் கழற்றி வெளியே எடுத்து வைத்தாள். முழங்கை வரைக்கும் வரும் தடித்த ரப்பர் கையுறையை மாட்டிக்கொண்டு, முதலில் சின்ன பேட்டரியின் வயரைக் கழற்றினாள். பிறகு பெரிய பேட்டரியின் ஓரத்தில் இருந்த ஆரஞ்சு நிறப் பிளக் ஒன்றை உருவித் தன் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"இது என் பாக்கெட்ல இருக்கிற வரைக்கும் யாரும் தெரியாம மாட்டிட முடியாது. இது அடிச்சா 'ஐயோ'ன்னு சொல்லக்கூட நேரம் இருக்காதும்மா. இப்போ பத்து நிமிஷம் யாரும் எதையும் தொடக்கூடாது. உள்ள மிச்சம் இருக்கிற கரண்ட் அடங்கணும்."

பத்து நிமிடம். இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியில் நானும் அவரும் உட்கார்ந்திருந்தோம், நடுவில் என் பெட்டிகள். இவர் தொண்டையைச் செருமினார். என்னிடம் ஏதோ சொல்லப்போகிறார் என்று பார்த்தால், மெக்கானிக்கைக் கூப்பிட்டார்.

"போக வர நானூறு கிலோமீட்டர். வாரத்துக்கு ஒரு தடவை. இந்தப் புதுசு எத்தனை வருஷம் தாங்கும்?"

"நல்லா வெச்சுக்கிட்டா எட்டு வருஷம்கூட ஓடும். வாராவாரம் அவ்வளவு தூரம் எங்க சார் போறீங்க?"

"மக வீட்டுக்கு" என்றார். "இவ அங்கதான் இருக்கப்போறா."

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வாராவாரம் வருவாராம்! அதற்குத்தான் புது பேட்டரியாம்! இதை வீட்டில் என்னிடம் சொன்னால் வாயிலிருக்கும் முத்து உதிர்ந்துவிடுமா? கோபமும் வந்தது, கூடவே ஒரு சந்தோஷமும் எட்டிப் பார்த்தது. எது முதலில் வந்தது என்று எனக்கே தெரியவில்லை.

பத்து நிமிடம் முடிந்து அவள் மூடியைத் திறந்தாள். உள்ளே சாம்பல் நிறக் கட்டிகள் இருபத்தெட்டு, புத்தகங்களை நெருக்கி அடுக்கியதுபோல் நின்றன. ஓரங்களில் இருந்தவை ஒழுங்காக இருந்தன. நடுவில் இருந்தவை வயிறு உப்பியிருந்தன. மேலே ஓடிய செம்புத் தகடுகள் பச்சை பிடித்திருந்தன. மீட்டரை ஒவ்வொன்றிலும் வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தவள், நடுவில் வந்ததும் நின்றாள்.

"இது வயசாகிப் போனது மட்டும் இல்ல சார். வெந்து போயிருக்கு. நடுவுல பாருங்க, சூடு போக வழியே இல்லாம இருந்திருக்கு. பின்சீட் ஓரத்துல ஜன்னல் மாதிரி ஒரு ஓட்டை இருக்கு, இதுக்குக் காத்து அது வழியாத்தான் வரும். அந்தச் சின்ன ஜன்னல்தான் இதுக்கு மூக்கு. மூக்கு அடைச்சுக்கிச்சுன்னா இப்படித்தான்."

சொல்லிக்கொண்டே பக்கத்தில் இருந்த ஃபேனைக் கழற்றினாள். நாலு ஸ்குரூ. மேல்மூடி வந்ததும், "அடேயப்பா!" என்றாள். உள்ளே விரலை விட்டு, கம்பளித் துண்டுபோல அமுங்கிப்போயிருந்த ஒரு கற்றையைப் பிடுங்கினாள். கையளவு இருந்தது. மறுபடியும் விட்டாள், இன்னொரு கை வந்தது.

"இவ்வளவு முடி! வீட்டுல நாய் இருக்கா சார்?"

"ஆமா" என்றார் இவர்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் வீட்டில் நாயே கிடையாது. இவருக்கு நாய் பக்கத்தில் வந்தாலே பதினெட்டுத் தும்மல் வரும். அதைவிட ஆச்சரியம், இந்த மனிதர் கேள்வி கேட்டு முடிக்கும் முன்பே பதில் சொன்னது. கல்யாணமாகி நாற்பத்திரண்டு வருடத்தில் இது முதல் தடவை.

"என்ன நாய்?"

"சடை நாய்."

"கறுப்பா?"

"கறுப்புதான். அங்கங்க நரை." அவர் முகத்தில் ஈயாடவில்லை. "இப்போ இல்ல. அது முன்னாடி."

டெலிபோனில் எத்தனையோ பொய்களைக் கேட்டிருக்கிறேன். இவ்வளவு கேவலமாகப் பொய் சொல்லி நான் கேட்டதே இல்லை. சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. நன்றாக வாரிவிடலாம் என்று நான் வாயைத் திறந்த நேரத்தில், மெக்கானிக் அந்தக் கற்றையிலிருந்து ஒற்றை முடியைப் பிடித்து இழுத்தாள். அது வந்துகொண்டே இருந்தது. ஒரு முழம் வந்தது, அதற்கு மேலும் வந்தது.

"நாய்க்கு இவ்வளவு நீளமா சார் முடி இருக்கும்?" என்று கேட்டுவிட்டு, அவள் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள், பிறகு என் தலையைப் பார்த்தாள். அப்போதுதான் எனக்கும் உறைத்தது.

அது என் முடி.

எனக்கு அப்போது இடுப்புக்குக் கீழே தொங்கும் அளவுக்குத் தலைமுடி இருந்தது. மருந்து ஏற்ற ஆரம்பித்தபோது வார்டில் இருந்த பெண்கள் எல்லாரும் தலையணை நிறைய முடி கொட்டிக் கிடக்கிறது என்று அழுவார்கள். நான் மட்டும், எனக்கு அவ்வளவாகக் கொட்டவில்லை, எங்கள் பரம்பரை முடி அப்படி என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். நர்ஸிடம், பக்கத்துக் கட்டிலில், பார்க்க வந்தவர்களிடம், எல்லாரிடமும் சொன்னேன். வீட்டில் காலையில் நான் பாத்ரூம் போய்விட்டு வருவதற்குள் இவர் தலையணை உறையை மாற்றிவிடுவார். சுத்தப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று அதற்கும் திட்டினேன். கடைசியில் ஒருநாள், அரிப்புத் தாங்கவில்லை, வெயிலும் கொளுத்துகிறது, மொட்டை போட்டுக்கொள்கிறேன் என்று நானே சொல்லி, நானே போய்ப் போட்டுக்கொண்டேன்.

மெக்கானிக் அந்தக் கற்றையை மெதுவாக நாற்காலியின் கைப்பிடியில் வைத்தாள். "நான் போய்ப் புது பேட்டரியை எடுத்துட்டு வரேன்" என்று உள்ளே போனாள். நல்ல பெண்.

"சடை நாயா நான்?" என்றேன்.

அவர் சட்டையில் ஒட்டியிருந்த ஒரு நூலைக் கிள்ளி எடுத்தார்.

"வாயைத் திறங்க. இன்னிக்குத் திறக்கலைன்னா இனிமே திறக்கவே வேண்டாம். ஏன் அங்க கொண்டுபோய்ப் போட்டீங்க?"

"போடல" என்றார். "நீ இறங்கினதும் சீட்ல கிடக்கும். கொத்துக் கொத்தா. பிரஷ்ஷால ஓரமா தள்ளுவேன். வண்டி ஓடும்போது அந்த ஜன்னல் உறிஞ்சிக்கும். கீழ வழியா ரோட்டுல போய் விழுந்துடும்னு நெனச்சேன்."

"கையில எடுத்துட்டு வந்து வீட்டுக் குப்பையில போட வேண்டியதுதானே?"

"நம்ம வீட்டுக் குப்பையைத் தினமும் கிண்டிப் பாக்கறது யாரு?"

நான்தான். இவர் எதையாவது நல்லதைத் தூக்கிப் போட்டுவிடுவார் என்று பார்ப்பேன்.

"வார்டுல நீ எல்லார்கிட்டயும் சொன்னியே, எனக்குக் கொட்டலைன்னு" என்றார். ஒவ்வொரு வார்த்தையாக வந்தது. "அதைச் சொல்லும்போது மட்டும்தான் உன் மூஞ்சி பழைய மாதிரி இருந்துச்சு. அதைக் கெடுக்க எனக்கு மனசு வரல."

"எப்படியும் மொட்டை போட்டுக்கிட்டேனே!"

"அது நீயா போட்டுக்கிட்டது. கொட்டிப்போய் போட்டது இல்ல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கவில்லை, ஒர்க்ஷாப் என்றும் பார்க்கவில்லை. ஆறு வருடமாக உள்ளே உட்கார்ந்திருந்ததும் கூடவே எழுந்து வந்தது.

"முடி போறதைப் பாத்திருந்தாக்கூட நான் தாங்கியிருப்பேன். நீங்க கூட வராததைத்தான் என்னால தாங்க முடியல. அத்தனை படி, ஒரு நாள்கூட ஒரு கை கொடுக்கல. உங்களுக்கு என்னைத் தொடவே பிடிக்கலைன்னு நெனச்சேன். அதுக்குத்தான் நான் போறேன். தெரியுமா உங்களுக்கு?"

அவர் திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். அது அவருக்குத் தெரியவே தெரியாது. அந்த முகத்தைப் பார்த்ததும் எனக்கே பாவமாகிவிட்டது.

"நீ ஏறுற சத்தத்தைக் கேட்டுக்கிட்டேதான் தட்டுவேன்" என்றார். "செருப்புச் சத்தம். அது நின்னா பிரஷ்ஷைப் போட்டுட்டு ஓடி வரணும்னு. ஒரு நாள் நின்னுடுச்சு."

அந்த நாள் எனக்கும் தெரியும். முதல் மாடி தாண்டி, கண் இருட்டி, படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். இவரை அன்று வெறுத்ததுபோல் யாரையும் வெறுத்ததில்லை.

"அன்னிக்கும் நீங்க வரலையே."

"வந்தேன். கீழ் திருப்பம் வரைக்கும் வந்துட்டேன். நீ கைப்பிடியைப் பிடிச்சு எந்திரிச்சு, என்னைக் கண்டபடி திட்டிக்கிட்டே ஏற ஆரம்பிச்சே. திட்டறதுக்குத் தெம்பு இருக்கு, பயமில்லைன்னு திரும்பிப் போயிட்டேன்."

அழுதுகொண்டே சிரிப்பது எவ்வளவு அசிங்கமாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். அப்படித்தான் சிரித்தேன். "வந்தவர் ரெண்டு படி மேல ஏறி வந்திருந்தா என்ன? நீங்க பண்ணினது தப்பு."

"தப்புதான்" என்றார்.

"ஆறு வருஷம் சொல்லாம இருந்தது அதைவிடத் தப்பு."

"அதுவும் தப்புதான்."

இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டால் நான் எப்படிச் சண்டை போடுவது? முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நாற்காலிக் கைப்பிடியில் இருந்த கற்றையை எடுத்தேன். எடையே இல்லை. தூசியும் முடியுமாகச் சாம்பல் பிடித்துக் கிடந்தது. விரலால் பிரித்துப் பார்த்தேன், நரைகூட அப்படியே இருந்தது. இவ்வளவு கொட்டியிருக்கிறது, எனக்குத் தெரியாது. நன்றாகப் பார்த்துவிட்டு, நானே எழுந்துபோய் மூலையில் இருந்த குப்பைத் தொட்டியில் போட்டேன். "இனிமே என் குப்பையை நானே போட்டுக்கறேன்" என்று அவரிடம் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தேன். நடுவில் இருந்த பெட்டிகளைக் காலால் கொஞ்சம் தள்ளிவிட்டேன்.

மெக்கானிக் புது பேட்டரியைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்தாள். எங்கள் முகத்தைப் பார்க்காததுபோல வேலையைப் பார்த்தாள். பழையதைக் கழற்றி எடுத்தாள். ஃபேனின் ஒவ்வொரு இதழையும் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேய்த்தாள், காற்றுக் குழாயை ஊதிச் சுத்தம் செய்தாள். புதியதை உட்காரவைத்து, டக் என்று சத்தம் கேட்கும் வரைக்கும் ஒவ்வொரு நட்டையும் முறுக்கினாள். கடைசியாகச் சட்டைப்பையிலிருந்து ஆரஞ்சு பிளக்கை எடுத்துச் செருகி, சின்ன பேட்டரியின் வயரையும் மாட்டினாள். பத்தரைக்கு ஆரம்பித்தவள், சீட்டை மாட்டி நிமிர்ந்தபோது மணி ஒன்றரை.

"இனிமே அந்த ஜன்னல் பக்கம் எதையும் தள்ளாதீங்க சார்" என்று மட்டும் சொன்னாள்.

அவர் பட்டனை அழுத்தினார். ஒரு சத்தமும் இல்லை. மறுபடியும் படுத்துவிட்டது என்று நான் நினைத்தேன். "ஓடுதும்மா" என்றாள் அவள். "சத்தம் இல்லைன்னாதான் இது நல்லா இருக்குன்னு அர்த்தம்." முன்னால் பச்சையாக ஒரு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

பெட்டிகளை அவரே தூக்கி டிக்கியில் வைத்தார். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் வண்டியை எடுக்கவில்லை. கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"போகாத" என்றார். அரைக்குரல்தான். ஆனால் சொன்னார்.

நான் பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. மகள்தான்.

"எங்கம்மா இருக்கே? காலையில கிளம்பறேன்னு சொன்னே?"

"வண்டி மக்கர் பண்ணிடுச்சுடி. இப்போதான் சரியாச்சு. கிளம்பிட்டோம். அப்பாவும் வர்றாரு."

"உன்னை விட்டுட்டு இன்னிக்கே திரும்பிடுவாரா?"

"இல்ல. இருக்கத்தான் வர்றாரு. ஒரு வாரம் இருந்துட்டு, ரெண்டு பேரும் சேந்து திரும்பிடுவோம்."

அவள் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை. முன்சீட்டிலும் இல்லை.

"சந்தோஷம்தான்மா" என்றாள். "ஆனா உனக்குன்னு ஒத்தைக் கட்டில்தானே வாங்கிப் போட்டிருக்கேன். ரெண்டு பேருக்கு எப்படிப் பத்தும்?"

"பத்தும்டி" என்றேன். "நாங்க நெருக்கிப் படுத்துக்கறோம்."